யார் கேட்டாலும் சொல்லாதீங்க

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு கடிதமே எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்று சிரிக்காதே. நேற்று முழுக்க நீ போன் செய்துகொண்டே இருந்தாய். நான் எடுக்கவில்லை. கோபமில்லை அக்கா. போனில் உன் பெயரைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி லிஃப்டின் மேலே உட்கார்ந்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். புது நம்பரிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன். "டேய் குண்டா, ஆபீஸ் போன்லேர்ந்து பேசறேன். குட்டியோட காலேஜ் பணத்துல எவனோ கை வைக்கிறான்டா. கார்டு நம்பரைச் சொல்லு. இப்ப மெசேஜ்ல ஒரு நம்பர் வரும், அதையும் சொல்லு, நிறுத்திடறேன்." உன் குரல். அவசரம் வந்தால் நீ மூச்சு வாங்குவாயே, அதே மாதிரி. பாங்கில் மோசடிப் புகார் பார்க்கிற அக்காவே கேட்கும்போது எவன் யோசிப்பான்? எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

குட்டி பிறந்ததிலிருந்து நானும் அவள் அம்மாவும் சேர்த்த பணம், மொத்தமும் போய்விட்டது. நர்ஸிங் காலேஜில் இருபதாம் தேதிக்குள் கட்டினால்தான் அவளுக்கு இடம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

போன் வேண்டாம், எழுது. உன் கோழிக் கிறுக்கலை எந்தத் திருடனாலும் எழுத முடியாது.

உன் தம்பி

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

அது நானில்லை என்று உனக்கு எழுத வேண்டி வந்துவிட்டதே, அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது. ஒருவர் பேச்சைக் கொஞ்சம் கேட்டால் போதும், அதே குரலில் பேசவைக்கிற மிஷின் வந்துவிட்டது. போன வருஷம் பாங்குக்காக ஒரு வீடியோவில் பேசினேனே, 'யார் கேட்டாலும் சொல்லாதீங்க' என்று, அதிலிருந்துதான் என் குரலை எடுத்திருப்பார்கள். ஊருக்கு ஜாக்கிரதை சொல்லப் போய் உன் தலையில் கல்லைப் போட்டுவிட்டேன்.

புகார் பதிவாகிவிட்டது. பணம் திரும்பி வருவது கஷ்டம், பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். 'மீட்டுத் தர்றேன், முதல்ல கொஞ்சம் கட்டுங்க' என்று எவனாவது கூப்பிடுவான். அவனும் திருடன்தான். போனிலேயே உடனடிக் கடன் தருகிறவர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதே, வட்டி கழுத்தை நெரிக்கும். பாங்கில் படிப்புக் கடன் உண்டு. குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் கேள். அது கைக்கு வர நாளாகும் என்பதால் முதல் வருஷப் பணத்துக்கு இத்துடன் செக் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்தது. சுவர் இன்னொரு மழையைத் தாங்கும். அசடு மாதிரி திருப்பி அனுப்பாதே.

அக்கா

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

செக்கைத் திருப்பி வைத்திருக்கிறேன். திட்டு. உன் தம்பி பெண்டாட்டி வாங்க விடவில்லை. "குரல் உங்க அக்காவோடது, பாங்கு உங்க அக்காவோடது, இப்ப பணமும் உங்க அக்கா கையிலேர்ந்து வருதாக்கும்" என்றாள். நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. "சரி, மிஷின் குரலைத் திருடும். குண்டான்னு கூப்பிடறது அதுக்கு எப்படித் தெரியும்? உங்களை அப்படிக் கூப்பிட உலகத்துல வேற யாரு இருக்கா? அதுக்கு மட்டும் பதில் வாங்குங்க, அப்புறம் நான் வாயே திறக்கல" என்றாள்.

நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. எப்படித் தெரிந்தது அக்கா?

உன் தம்பி

ஜூன் 16

தம்பிக்கு,

நேற்று அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். கீழே ஜனங்கள் எழுதியிருந்ததையும் கடைசி வரை படித்தேன்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். என் வாயிலிருந்துதான் எங்கேயோ விழுந்திருக்கும். என் தப்பு என்றே உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடு. மேனேஜரிடம் சொல்லி வீடியோவை அடியோடு எடுக்க வைத்துவிட்டேன். இனி அதை யாரும் பார்க்க முடியாது.

படிப்புக் கடனுக்கு அலைவதை மட்டும் விட்டுவிடாதே. நான் இனி எழுதவில்லை. என் கடிதம் வந்து உன் வீட்டில் சண்டை வர வேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன், என்னை நம்ப உனக்கு ஒரு பதில் தேவைப்பட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நன்றாக இருங்கள்.

அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்கு முன் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. அவை உன் கைக்கு வந்தனவா என்றே தெரியவில்லை. உன் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. உன் வீட்டுக்கு வந்தோம், பூட்டியிருந்தது. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சுவர் வெள்ளையடிக்காமல்தான் கிடக்கிறது. அதனால் பாங்கின் தலைமை ஆபீசுக்கு உன் பெயர் போட்டு இதை எழுதுகிறேன்.

காலேஜ் இடம் போய்விட்டது. குட்டி மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள். அடுத்த வருஷத்துக்காகப் படிப்புக் கடன் விசாரித்திருக்கிறோம். 'அத்தை இருந்தா இந்தக் கடன் ஃபாரத்தை ஒரே நிமிஷத்துல எழுதியிருப்பாங்க' என்கிறாள்.

'ஜனங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன்' என்று எழுதியிருந்தாயே. அதைத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் ஞாபகம் வந்தது. நானும் எழுதியிருந்தேன். 'இது எங்க அக்கா! இப்பவும் என்னை டேய் குண்டான்னுதான் கூப்பிடுவாங்க. எங்க குட்டி காலேஜுக்குப் பணம் சேர்க்கிறேன், எல்லா லிஃப்ட் ரிப்பேருக்கும் அழைக்கவும்' என்று, கீழே என் போன் நம்பரோடு. பெருமைக்குப் பெருமை, விளம்பரத்துக்கு விளம்பரம். திருடனுக்கு நானே வழி காட்டியிருக்கிறேன். நீ அதைப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்று பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய். அவளிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவங்க காலைப் புடிச்சாவது கூட்டிட்டு வாங்க" என்று அழுகிறாள்.

இப்போது புது நம்பர் வந்தாலும் எடுத்துவிடுகிறேன், நீயாக இருக்குமோ என்று. யாராவது லிஃப்ட் நின்றுவிட்டது என்பார்கள்.

அந்த வீடியோ என் போனில் மட்டும் இருக்கிறது, போன வருஷமே இறக்கி வைத்தது. எல்லோரிடமும் காட்டினேனே தவிர, நான் ஒருநாளும் கடைசி வரை கேட்டதில்லை. உன் குரலைக் கேட்க இப்போது வேறு வழியில்லை. வேலை முடிந்ததும் லிஃப்டின் மேலேயே உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, போட்டுக் கேட்கிறேன். "யார் கேட்டாலும் சொல்லாதீங்க" என்கிறாய். அப்புறம் லேசாகச் சிரித்துக்கொண்டு, "கூடப் பிறந்தவங்களே கேட்டாலும் சொல்லாதீங்க" என்கிறாய்.

உன் குண்டன்