டப்பாவின் அடி தெரியும்வரை

மார்ச் 3

குளியலறை அலமாரிக் கதவு இன்று மூடவில்லை. அழுத்தி மூடினேன்; ஒரு சவர சோப்பு டப்பா உருண்டு வந்து வாளிக்குள் விழுந்தது. எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். சந்தனம், எலுமிச்சை, புகையிலை, மழை வாசனை என்று சொல்லி விற்ற ஒன்று — முப்பத்தொரு டப்பா. பாதிக்கு மேல் சீல் உடைக்காதவை. பிரஷ் ஒன்பது. முகம் ஒன்றுதான்.

எட்டிப் பார்த்த மனைவி, "இதெல்லாம் தீர்றதுக்குள்ள உங்களுக்குத் தாடி முளைக்கிறதே நின்னுடும்" என்றாள்.

"இப்ப போட்டுக்கிட்டு இருக்கிற எலுமிச்சை தீர்ற வரைக்கும் இனிமே ஒண்ணும் வாங்கமாட்டேன்" என்றேன்.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு என் வார்த்தை சிரிப்பாக இருக்கிறது. சுருக்கென்று தைத்தது. இருக்கட்டும், பார்க்கிறேன்.

மார்ச் 10

வாட்ஸப்பில் இருக்கும் எங்கள் சவரக் குழுவில் தினமும் ஆளுக்கொரு படம் போடுவோம்: அன்றைய சோப்பு, பிரஷ், ரேசர். ஒரு வாரமாக என் படத்தில் அதே எலுமிச்சை. "என்ன, கடை காலியா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். போகட்டும். ஒரே சோப்போடு பழகினால்தான் அதன் குணம் பிடிபடுகிறது. தண்ணீர் ஒரு சொட்டு கூடினால் நுரை ஓடிவிடும். குறைந்தால் கன்னத்தில் காய்ந்துவிடும். இன்று கரண்டியால் அள்ளலாம் போல நின்றது. இது தெரியாமலேயே மற்ற முப்பதையும் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 21

மச்சான் போன் செய்தார். மனைவியின் அண்ணன், இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்றவைத்தவரே அவர்தான். "மாப்ள, அத்திப்பழ சோப்பு வருது. அடுத்த மாசக் கடைசியில. ஒரே ஒரு தடவைதான் போடுவாங்களாம். விட்டா போச்சு!"

கை அரிக்கிறது.

மார்ச் 22

ஒரு யோசனை. அதற்குள் எலுமிச்சையைத் தீர்த்துவிட்டால்? வாக்கும் நிற்கும், அத்திப்பழமும் வரும். இனி காலையும் மாலையும் சவரம். நுரையும் தாராளமாக. என் மூளையே மூளை.

ஏப்ரல் 2

கழுத்தெல்லாம் கீறல், தீயாய் எரிகிறது. மயிரே இல்லாத இடத்தில் பிளேடை ஓட்டினால் வேறென்ன ஆகும்? லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது வியர்வை பட்டு உயிர் போனது. மேலே டார்ச் பிடித்திருந்த கூட்டாளி, "என்னப்பா, வீட்டுல பூனை வளர்க்கிறியா?" என்றான்.

சாயங்காலம் பாதி தீர்ந்த டப்பாவைக் குழாய்க்கு அடியில நீட்டிட்டேன். கரைச்சு ஊத்திடலாம்னு! சீ — வாங்காம இருக்கத்தானே ஆரம்பிச்சேன்? இது வாங்குறதுக்கு அவசரப்படுறது இல்லையா? யாரை ஏமாத்துறேன்?

குழாயை மூடினேன். இனி ஒரு வேளைதான். தோல் ஆறும்வரை அதுவும் இல்லை.

ஏப்ரல் 27

அத்திப்பழ சோப்பு, விற்பனை தொடங்கிய பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டதாம். நான் ஏழாம் மாடியில் லிஃப்ட் கதவு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். போன் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கவே இல்லை! யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? இங்கேதான்.

மே 3

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் என் பெயருக்கு ஒரு பார்சல். வெளியே அத்திப்பழப் படம். "வந்திருக்கு" என்றாள் மனைவி.

நான் வாங்கலடி! சத்தியமா வாங்கல! சொன்னா நம்புவாளா?

மச்சானுக்கு போன் போட்டேன். "என் பரிசு மாப்ள! வாங்கினது நான்தானே? உங்க வாக்குக்கு ஒண்ணும் ஆகல" என்று சிரித்தார்.

உண்மைதான். வாக்குக்கு ஒன்றும் ஆகாது. அட்டையைத் தாண்டி வாசனை வந்தது. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பிரிக்காமலே வண்டியில் போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

"பார்சல் எங்க?"

"திருப்பிக் கொடுத்துட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

ஜூன் 18

அடி தெரிந்துவிட்டது! டப்பாவின் நடுவே சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக். இத்தனை வருஷத்தில் ஒரு சோப்பின் அடியைக்கூட நான் பார்த்ததில்லை. குழுவில் படம் போட்டேன். அத்திப்பழ சோப்பு வாங்கிப் படம் போட்டவர்களுக்கே இத்தனை கைதட்டல் விழவில்லை. கடை காலியா என்று கேட்டவன், தானும் ஒன்றை முடிக்கப்போவதாகச் சொல்கிறான்.

ஜூலை 11

எலுமிச்சை தீர்ந்தது. இனி வாங்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அலமாரியிலிருந்து சந்தனத்தை எடுத்துச் சீலை உடைத்தேன்.

ஜூலை 20

சவரத்தின் நடுவே வாசலில் மச்சானின் குரல். "மாப்ள எங்க? புது பிரஷ் வந்திருக்கு. ரெண்டா எடுத்தா தள்ளுபடி. அவருக்கும் சேர்த்துச் சொல்லிடவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "வேண்டாம்ணா. அவர் வாங்கமாட்டார்."

"ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாரேன்."

"கேக்கவே வேண்டாம். எனக்குத் தெரியும்."

ஒரு கன்னத்தில் நுரையோடு அப்படியே நின்றேன். பிறகு, அவசரமே இல்லாமல், அந்தக் கன்னத்தையும் மழித்தேன்.