உன் அப்பா ஜெயித்த பன்றித்தொடை

பிரையர் கிளை, இண்டியானா
அக்டோபர் 9

அன்பு மகள் கோராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீயும் அந்த டாஸ்மேனியாத் தண்ணீரில் நீ எண்ணிக்கொண்டிருக்கிற மீன்களும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் இதைத் தொடங்குகிறேன். பூசணி இந்த வருஷம் சின்னதாகவே காய்த்தது, ஃப்ளோசி சித்திக்கு இடுப்பு மாற்றியாகிவிட்டது, எழுந்து நடந்து எல்லோரையும் அதிகாரம் செய்கிறாள். இதெல்லாம் போனில் சொல்கிற சமாச்சாரம். சொல்ல வந்தது வேறு, அதைப் போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், பக்கத்து அறையில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், அதனால்தான் கடிதம். கடைசி வரை படி, பாதியில் நிறுத்திவிட்டு விமான டிக்கெட் பார்க்கப் போகாதே.

போன வருஷம் இலை உதிர்கிற நேரத்தில் அப்பா துப்பாக்கி சுடுகிற களத்துக்குப் போக ஆரம்பித்தது உனக்குத் தெரியும். சாதாரணத் துப்பாக்கி இல்லை, குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக் குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கி, சிக்கிமுக்கிக் கல் தட்டிச் சுடுகிற பழைய காலத்துத் துப்பாக்கி. ஒரு குண்டு போட்டு முடிப்பதற்குள் எனக்கு ஒரு உருளைக்கிழங்கு தோலுரித்து முடிந்துவிடும். முதல் நாள் யாரோ இரவல் கொடுத்ததில் ஒரே ஒரு தடவை சுட்டுவிட்டு வந்தார், மூக்கு நுனியில் கரி, சட்டையெல்லாம் அழுகிய முட்டை நாற்றம், முகத்தில் எங்கள் கல்யாணப் படத்தில்கூட இல்லாத ஒரு சிரிப்பு. நாற்பது வருஷம் நாற்காலி ஃபாக்டரியில் வேலை பார்த்து எதன்மேலும் பித்துப் பிடிக்காத மனுஷன், அடுத்த சனிக்கிழமையும் போனார், அதற்கடுத்த சனிக்கிழமையும் போனார், மே மாதத்திலிருந்து மாதம் ஒரு புதன்கிழமையும் சேர்ந்துகொண்டது. குண்டு வார்க்க என் அடுப்பில் ஈயம் உருக்கப் பார்த்தார், கொட்டகைக்கு விரட்டினேன். சாப்பிட உட்கார்ந்தால் மருந்து எவ்வளவு, துணி எவ்வளவு தடிமன், எச்சிலில் நனைப்பதா கொழுப்புத் தடவுவதா என்று இதே பேச்சு.

எனக்குச் சந்தேகம் வந்தது இந்தப் பைத்தியத்தால் இல்லை, அந்தக் கூட்டத்தின் தாராளத்தால். ரிட்டயர்டான பல் டாக்டர் ஒருவர், ரூஃபஸ் என்று பெயர், தன் கையால் செதுக்கிய மாட்டுக் கொம்பைக் கரிமருந்து போட்டு வைத்துக்கொள்ளச் சும்மா கொடுத்தார். இன்னொருவர் தோல் பை தைத்துக் கொடுத்தார். துப்பாக்கியே ஒன்றைக் கையில் கொடுத்து, ஆசை தீர்கிற வரைக்கும் வைத்துக்கொள் என்றார்களாம். பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்றேன். ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் அப்படித்தான், நெட்டி, என்றார். ஃப்ளோசியை அந்த வைட்டமின் விற்கிற கூட்டம் பிடித்தபோதும் இப்படித்தான், முதல் மாதம் கேக் கொண்டுவந்தார்கள், நாலாவது மாதம் அவள் கார் நிற்கிற இடம் முழுக்க டப்பா. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஆம்ப்ரோஸ் கிளெம் என்கிற ஆள் வந்தார், துப்பாக்கி செய்கிறவர், தாடியில் மரத்தூள். நம் ஓடைக்கரையில் மின்னல் விழுந்து சாய்ந்து கிடந்ததே அந்தப் பெரிய மேப்பிள், அதைச் சுற்றிச் சுற்றி வந்து பட்டையைச் சீவிப் பார்த்தார். உள்ளே சுருள் சுருளாக வரி ஓடுகிறதாம், அந்த மாதிரி மரத்துக்குத் துப்பாக்கியைத் தோளில் அணைக்கிற கட்டை செய்கிறவர்கள் உயிரைக் கொடுப்பார்களாம். ஓகோ, இதற்குத்தானா இத்தனை உபசாரம் என்று நினைத்தேன். மே மாதம் ஓபல் வந்தாள். களத்தை நடத்துகிறவள், அறுபது வயது, பனைமரம் மாதிரி உயரம், ஊருக்கே கேட்கிற குரல். அப்பாவுக்கு நல்ல கார் இருக்கும்போது இவள் ஏன் தன் லாரியில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்? பெட்ரோல் மிச்சம் என்றார். போனில் அவளோடு பேசும்போது நான் உள்ளே போனால் பேச்சு வானிலைக்கு மாறும். என்னென்ன நினைத்தேன் என்று மகளிடம் எழுத முடியாது, நீயே ஊகித்துக்கொள்.

ஜூலையில் ஒரு பன்றித்தொடையோடு வந்தார், புகை போட்டது, நல்ல கனம். போட்டியில் ஜெயித்தாராம். கோரா, உன் அப்பா எதிலும் ஜெயித்தவர் இல்லை, சர்ச் குலுக்கலில்கூட அவருக்கு ஒரு சோப்பு விழுந்ததில்லை. பத்து நாள் அதைத்தான் சாப்பிட்டோம், ருசியாகத்தான் இருந்தது, ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு உள்ளுக்குள் உறுத்தல்.

போன மாதம் கடைசிச் சனிக்கிழமை ஓபலின் லாரி போய்ப் பத்து நிமிஷம் கழித்து நானும் கிளம்பினேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்ற மாதிரிச் சாக்கெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை, வேவு பார்க்கத்தான் போனேன். போய் இறங்கியதும் யாரென்றே கேட்காமல் ஒருவர் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார், இன்னொருவர் கிண்ணத்தில் அவரைக்கொட்டை சூப்பும் சோள ரொட்டியும் கையில் திணித்தார், ஒரு பெண் காதை அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எல்லோரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா வரிசையில் நாலாவதாக நின்றார், முதுகு எனக்கு. துப்பாக்கியைத் தூக்கி இடது தோளில் வைத்தார். இடது தோளில். சுத்தியல் பிடித்தது, உன்னைத் தூக்கியது, கையெழுத்துப் போட்டது எல்லாம் வலது பக்கத்து மனுஷன். பக்கத்தில் ஓபல், அவருடைய முழங்கையை ஒட்டி, இடிக்காமல், விலகாமல்.

சுட்டார். வெள்ளைப் புகை ஒரு சுவர் மாதிரி எழுந்து நின்றது, அது விலகுகிற வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. விலகியதும் ஓபல் முக்காலியில் நிற்கிற தொலைநோக்கியில் குனிந்து பார்த்து, எட்டு என்று கத்தினாள். அடுத்ததற்குப் பத்து என்றாள், நடு மையம். நாலைந்து பேர் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் சூப்புக்காரருடைய தொலைநோக்கி சும்மா நின்றது. குனிந்து பார்த்தேன். குறிக்கு மாட்டியிருந்ததில் நாலாவது தாள் அவருடையது, நடுவில் கறுப்பு வட்டம், அதில் ஒரு கீறல் இல்லை. ஓட்டை இரண்டும் வெள்ளையில் இருந்தன, ஒன்று கிட்டத்தட்ட மூலையில்.

நான் எழுந்து நின்று, "பத்துன்னு சொன்னீங்களே ஓபல், எங்க இருக்கு அந்தப் பத்து?" என்று கேட்டேன்.

மருந்து இடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிறுத்திவிட்டார்கள். ஓபல் ஓடிவந்து, சுடுவது நிற்கட்டும் என்று வரிசைக்குச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து லாரிப் பக்கம் இழுத்தாள். இங்கேயே சொல்லுங்கள் என்றேன். அப்பா துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு என் குரல் வந்த பக்கம் திரும்பினார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காதோரமாக எதையோ பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. வசந்தத்திலிருந்து கடிதங்களை என்னையே படிக்கச் சொன்னது, காப்பி ஊற்றும்போது விரலைக் கோப்பைக்குள் வைத்துப் பார்த்தது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரு வருஷமாகச் சந்தேகப்பட்டேன், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனுடைய கண்ணைச் சந்தேகப்படவில்லை.

விஷயம் இதுதான், உட்கார்ந்து படி. மார்ச்சிலேயே வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, ஓரம்தான் தெரியும், அதனால்தான் துப்பாக்கி இடது தோளுக்கு மாறியது. இடது கண்ணிலும் பனி மாதிரி தொடங்கியிருக்கிறது. கறுப்பு வட்டம் ஒரு கோட்டுப் பொத்தான் அளவு தெரிகிறது, ஓட்டைகள் தெரியாது. வண்டி ஓட்டுவதை அவராகவே நிறுத்திவிட்டார். அந்தப் புதன்கிழமைகள் களத்துக்கு இல்லை, கண்ணில் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு, கூட்டிப்போனது ஓபல். மேப்பிள் மரம் ஆம்ப்ரோஸுக்கு இல்லை, அவர் அதை அறுத்து அப்பாவுக்காகவே இடது தோளுக்கு ஏற்ற கட்டை செதுக்கியிருக்கிறார். களத்தில் சூப் கிண்டுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. ஏன் என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சா கோராவுக்குத் தெரியும். கோராவுக்குத் தெரிஞ்சா அவ வேலைய விட்டுட்டு வந்து வாசல்ல நிப்பா," என்றார்.

நான் அழவில்லை, சண்டைதான் போட்டேன். கொம்பு கொடுத்தீர்கள், பை கொடுத்தீர்கள், துப்பாக்கி கொடுத்தீர்கள், பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை கொடுக்கத் தோன்றவில்லையா என்று அத்தனை பேரையும் கேட்டேன். ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, நவம்பர் கடைசியில் வருகிற நன்றி சொல்லும் பண்டிகை வரைக்கும் உங்கள் கணவர் லாய்டுக்குத் தவணை கொடுத்திருந்தோம், அதற்குள் அவர் சொல்லாவிட்டால் நாங்களே உங்கள் வாசலுக்கு வருவதாக இருந்தோம் என்றார். அதை இன்றைக்கும் நான் பாதிதான் நம்புகிறேன். பன்றித்தொடை என்றேன். அது அந்தப் பல் டாக்டர் ஜெயித்ததாம். ஓபலுக்கு அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. "ஒரு பத்து சொன்னா மனுஷன் ஒரு வாரம் நிமிந்து நடக்கிறாருங்க. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?" என்றாள்.

அப்போது அப்பா, "ஜூன்லயே எனக்குத் தெரியும் ஓபல்," என்றார்.

அவர் சொன்னார், தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொட்டகையில் நாலாக மடிப்பாராம், மடிப்பு இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம்தான் நடு, அங்கிருந்து கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனால் ஓட்டை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும், கட்டைவிரலுக்குக் கண்ணாடி எதற்கு என்றார். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவ எவ்வளவு சந்தோஷமா கத்தறா நெட்டி, எப்படிச் சொல்றது?" என்றார். பன்றித்தொடையைப் பற்றியும் சந்தேகம் இருந்ததாம், ஆனால் நான் அதை அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டதால் வாயைத் திறக்கவில்லையாம். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, "இனிமே நீ பாத்துச் சொல்லு. பொய் உனக்கு வராது," என்றார்.

ஐந்து குண்டு சுட்டார். ஒவ்வொன்றுக்கும் மருந்து கொட்டி, துணி வைத்து, இடித்து, எல்லாம் தடவித் தடவி அவரே செய்தார், ஓபல் மறுபக்கம் நின்று பார்த்துக்கொண்டாள். புகை விலகுகிற வரைக்கும் காத்திருந்து நான் உள்ளதைச் சொன்னேன். வெள்ளையில், இடது பக்கம் கீழே, வட்டத்திலிருந்து உள்ளங்கை அகலம். அவர் காலை லேசாக நகர்த்தினார். மறுபடி வெள்ளை, ஆனால் மேலே. மூன்றாவது குண்டு தாளிலேயே இல்லை, அதையும் சொன்னேன், யாரோ இருமினார்கள். நாலாவது வட்டத்தின் விளிம்பைத் தொடாமல் நின்றது. ஐந்தாவதற்குப் புகை விலக வெகுநேரம் ஆனது, காற்றே இல்லை, என் கண்ணில் வேறு தண்ணீர் வந்து தொலைத்தது, துடைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தேன். கறுப்புக்குள்ளே, ஏழு என்றேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. அப்பா துப்பாக்கியை இறக்கி மேசையில் வைத்தார். "நீயும் இவங்களோட சேந்துட்டியா?" என்று கேட்டார்.

ஓபல் வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டு, போகலாம் என்று குரல் கொடுத்தாள். என் தோளில் கை வைத்துக்கொண்டு அப்பா குறி வரைக்கும் அந்த ஐம்பது கஜமும் நடந்தார், தாளைப் பிய்த்தார், நாலாக மடித்தார், விரித்து நடுவிலிருந்து கட்டைவிரலை மெல்ல நகர்த்தினார். விரல் ஓட்டையில் போய் நின்றது. அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தார். திரும்பி வரும்போது என் தோளைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருந்தார்.

மறுநாளே ஒரு முழுப் பன்றித்தொடையைக் கொண்டுபோய் அந்த டாக்டர் ரூஃபஸ் வீட்டில் கொடுத்தேன். சாயங்காலம் அவர் அதில் பாதியை அறுத்து நம் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை எனக்கும் ஒரு கொம்பு கொடுத்தார்கள், வாங்கி வைத்திருக்கிறேன். நேற்றுப் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வண்டியை நான்தான் ஓட்டினேன், ஓபல் முகம் சுருங்கிப் போனதால் அவளையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். கண் டாக்டரை நானே நேராக, இரண்டு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். இடது கண் இப்போதைக்கு நிலையாக நிற்கிறது, ஊசி வேலை செய்கிறது என்றார். அவர் முகத்தையும் நன்றாகப் பார்த்தேன், மறைக்கிற மாதிரித் தெரியவில்லை.

ஆகையால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவராதே, கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னபடியே வா. ஈரக் காலுறையோடு உட்காராதே, படகில் போகும்போது சாப்பிடாமல் போகாதே. ஆண்டவர் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கண்ணையும் சேர்த்து, ஒருமுறை டாக்டரிடம் காட்டிக்கொள். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், அப்பாவுக்குத் தெரியும். நாலாக மடித்து விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, நடுவிலிருந்து கட்டைவிரலால் தடவிப் பார். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, அந்த ஏழு எங்கே இருக்கிறது என்று அவரிடம் நீயே சொல். தன் விரலையே நம்பமாட்டேன் என்கிறார் மனுஷன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா நெட்டி