கோழி இறகுச் சோதனை

மிஷன் ஆஸ்பத்திரி,
4-11-1976

எஸ்தரின் நைனாவுக்கு ரோசம்மாள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீங்களும் குழந்தையும் சோறு சாப்பிடுகிறீர்களா, இல்லை டீயும் பன்னும்தானா?

முகத்தில் தொங்கின தோலை இரண்டு காதுப் பக்கமும் இழுத்துத் தைத்திருக்கிறார்கள். நேற்றுக் கட்டைப் பிரித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். பெருநோய் போகும்போது விட்டுப்போன கிழவி முகம் போயே போச்சு! வீங்கித்தான் கிடக்கிறது, ஆனாலும் நான்தான்.

ஒரு வேடிக்கை. இடது கன்னத்தில் எறும்பு ஊர்கிறது. தட்டிப் பார்த்தால் எறும்பே இல்லை. காது மடலைத் தொட்டால் தாடையில் குறுகுறுக்கிறது. பக்கத்துக் கட்டில் பூவம்மாள் வேறு சிரிக்க வைத்தே தையலைப் பிரித்துவிடுவாள் போல.

கிறிஸ்துமஸுக்கு வந்து அம்மா கன்னத்தோடு கன்னம் வைத்துப் படுப்பாள் என்று எஸ்தரிடம் சொல்லுங்கள்.

ரோசம்மாள்

புதுவாயல்,
10-11-1976

அன்பு ரோசா,

கடிதத்தைக் கம்பி மில் வாசலிலேயே நின்று படித்தேன். எஸ்தரிடம் சொன்னதற்கு, "அம்மா மூஞ்சில சக்கர ஒட்டிக்கினு இருக்குதா நைனா? கழுவச் சொல்லு" என்கிறாள். சோறு நான்தான் வடிக்கிறேன். குழைகிறது, திட்டாதே.

டிசம்பர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, கூட்டிவர வருகிறேன்.

மோசஸ்

மிஷன் ஆஸ்பத்திரி,
24-11-1976

எஸ்தரின் நைனாவுக்கு,

வர வேண்டாம். வலது கன்னம் மரத்துவிட்டது. ஊசியால் குத்திப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வியாதி முதலில் முதுகில் இப்படித்தானே மரப்பாக வந்தது? திரும்பி வந்துவிட்டது.

கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தொட்டுப் பார்க்கிறார்கள். பதினோரு வருஷமாகப் பார்த்த சோதனைதானே. இறகை வைக்கும்போது நர்சம்மா மூச்சை அடக்குவார், அது காதில் பட்டதும் "தெரியுது" என்று சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால், குணமாகிவிட்டது என்று கொடுத்த சீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

இந்தக் கன்னத்தை என் பிள்ளை பக்கத்தில் வைக்க மாட்டேன். டாக்டரிடம் சொல்லாதீர்கள். என் மேல் சத்தியம்.

ரோசம்மாள்

புதுவாயல்,
29-11-1976

ரோசா,

சத்தியத்தை மீறிவிட்டேன். நேற்று வந்து டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கத்தி போற வழியில சின்ன நரம்பெல்லாம் அறுபடும்ப்பா. ஒட்டி வர மாசக்கணக்காகும். எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா நல்லதுதான். வலது பக்கம் கொஞ்சம் லேட்டு. போன வாரம்கூட தோலைச் சீவிப் பார்த்தோம், கிருமியே இல்ல" என்றார்.

நீ வர வேண்டாம் என்றதால் வார்டுக்குள் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூவம்மாளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாய். அழகாக இருந்தாய்.

உணர்ச்சி வராமலே போனால்தான் இன்னா? சுடுகம்பி பிடித்துப் பிடித்து என் உள்ளங்கையும் மரக்கட்டையாகத்தான் இருக்கிறது. அதற்காக என்னைத் தள்ளி வைத்தாயா? பத்தொன்பதாம் தேதி வருவேன். மரத்த கன்னத்தோடேயே வா.

மோசஸ்

மிஷன் ஆஸ்பத்திரி,
13-12-1976

எஸ்தரின் நைனாவுக்கு,

அவ்வளவு தூரம் வந்துவிட்டு முகத்தைக் காட்டாமல் போன மனுஷனுக்குக் கடிதம் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். டாக்டரிடம் வாங்கின திட்டு தனிக்கதை.

இன்று சாயங்காலம் ஜெபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். சுருக்கென்றது. கொசு! வலது கன்னத்தில்! பூவம்மாள் அடிக்கக் கையை ஓங்கினாள். "அடிக்காதக்கா, குடிச்சிட்டுப் போவட்டும்" என்று கத்திவிட்டேன். ஜெபம் நின்றுபோனது. வார்டே சிரித்தது. நான் மட்டும் அழுதேன்.

கடித்தது காதோரம் ஒரு பொட்டு இடத்தில்தான். மிச்சக் கன்னம் இன்னும் மரமாகவே இருக்கிறது. பரவாயில்லை, வந்து கூட்டிப் போங்கள்.

உங்கள்
ரோசம்மாள்

பி.கு.: இன்னும் அரிக்கிறது. சொறியாமல் வைத்திருக்கிறேன்.