பஸ்ஸின் கடைசி சீட்டு

வடக்கு டகோட்டா
அக்டோபர் 9

அன்பு மகள் கார்லாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலைத் தவிர. அங்கே அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி பிரிட்டாவும் சுகமாக இருக்க ஆண்டவர் அருள வேண்டும். சூரியகாந்தி அறுப்பு முடிந்தது, பனி விழுவதற்குள் வீட்டுக்குள் பெயிண்ட் அடித்தே தீருவேன் என்று அப்பா பிரஷ்ஷும் கையுமாகத் திரிகிறார், சொன்னால் கேட்கிற மனிதரா.

பிரிட்டாவை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டேன் என்று போன மாதம் நீ போனில் சொன்னதும், பெத்த புள்ளய அரசாங்கத்துக்குத் தூக்கிக் குடுத்துட்டியாடி என்று கத்தினேன். நான் பட்டது அவளுக்கு வேண்டாம்மா என்று போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அப்படி என்ன பட்டுவிட்டாய் என்று எனக்கும் ஆத்திரம்தான். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுத்து நாலு வயதில் வாசித்தாய், கேக்கை வெட்டி வெட்டியே பின்னக் கணக்குப் படித்தாய், டவுனில் எந்தப் பிள்ளைக்கு அது வந்தது? ஆனால் அந்தக் காலத்தில் ஆசிரியர் சான்றிதழ் இல்லாத தாய் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தால் இங்கே குற்றம், யாராவது அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டால் உன்னைப் பிரித்துக்கொண்டு போவார்களோ என்று பயந்து செத்தேன். அதனால்தான் மூன்றே முக்காலுக்குப் பள்ளி பஸ் நம் வீட்டைத் தாண்டும்வரை திரையை மூடி உன்னை உள்ளேயே வைத்தேன், பள்ளிக்குப் போகவில்லையா என்று கடையில் யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லப் பழக்கினேன். ஒரே குளிர்காலத்தில் உனக்கு எத்தனை காய்ச்சல், பாவம் கடைக்கார டோரிஸ் ஒவ்வொரு தடவையும் ஆரஞ்சு கொடுத்தாள். அப்போது சிரித்தோம். வேத வசனம் சொல்லிக்கொடுத்த வாயாலேயே உனக்குப் பொய்யும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சோபாவை நகர்த்தினோம். ஜன்னலுக்குக் கீழே, திரை மறைக்கிற இடத்தில், உன் பென்சில் எழுத்து. சிவப்புத் தொப்பி, முன்பல் இல்லாதவன், இரட்டைச் சடை, தூங்குமூஞ்சி என்று பதினோரு பேர். பஸ்ஸில் போகிற பிள்ளைகளைத் திரை இடுக்கில் பார்த்து நீயே வைத்த பேர்கள். அதற்கும் கீழே, கார்லா, கடைசி சீட்டு. அப்பா அந்த முழங்காலோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ தெனமும் அதுல போயிருக்காடி என்றார். பாடம் சொல்லிக்கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை, அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஆனால் உனக்குப் பத்து வயதாகும்போது சட்டம் மாறிவிட்டது, அதன் பிறகும் இரண்டு வருஷம் நான் திரையைத் திறக்கவில்லை, அதற்கு எந்த அரசாங்கத்தையும் குறை சொல்ல முடியாது. ஒரு சிநேகிதி கூட இல்லாமல் உன்னை வளர்த்துவிட்டேன். மன்னித்துவிடம்மா.

அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்க விடவில்லை. ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பு. அவள் பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று மறக்காமல் எழுது. நீ வரச் சொன்னால் வந்து, ரோட்டோரம் எல்லாரும் பார்க்க நின்று, அவளை இறக்கிக்கொள்வேன்.

உன் அம்மா,
வெர்னா