வகுப்பு முடிந்த பிறகு சொன்னது

மார்ச் 4
ஐந்தாவது வாரம். டீச்சர் உள்ளே வந்ததும் நான் மட்டும் எழுந்தேன். அசடு வழிய உட்கார்ந்தேன். பதினான்கு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், இந்த நாட்டில் லைசென்ஸ் வாங்க மறுபடி பெஞ்சில். டீச்சருக்கு என் தங்கை வயசுதான். மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். எனக்கு நாக்கு புரளவில்லை.

மார்ச் 6
பாதிப் பருவ மதிப்பெண் வந்தது. எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். வகுப்பில் பேசியதற்கு இருபதுக்குப் பூஜ்யம். அதில் குறைந்தது எட்டு வாங்காவிட்டால் லைசென்ஸ் கிடையாதாம். ஊரில் வாயைத் திறக்காததற்குத்தான் நல்ல பெண் என்று பேரெடுத்தேன். "வீட்ல பேசுறதுல பாதியை அங்க பேசேன்" என்கிறார் இவர், என் வீட்டுக்காரர். கிண்டலுக்குக் குறைச்சலில்லை.

மார்ச் 11
வகுப்பு முடியும் நேரம். டீச்சர் போர்டில் குழந்தைக்கான மருந்துக் கணக்கு போட்டார். 1.8 மில்லி வரவேண்டிய இடத்தில் 18. எதற்கெடுத்தாலும் வாதாடும் கூட்டம்கூட அவசரமாக எழுதிக்கொண்டு கிளம்பியது. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? பாவம், முகம் சுருங்கிவிடும். எல்லோரும் போனபின் மெதுவாகச் சொன்னேன்.

"இருபது பேர் அதை நோட்டுல எழுதிட்டுப் போயிட்டாங்க. என் மரியாதை பெரிசா, குழந்தை பெரிசா?"

அதட்டவில்லை. ஆனாலும் — நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? அவங்க நல்லதுக்குத்தானே சொன்னேன்? பஸ்ல அழுதுட்டேன்.

மார்ச் 12
பெரிசு குழந்தைதான். இது எனக்கே தெரிய வேண்டாமா.

மார்ச் 13
டீச்சர் வந்ததும் முதல் வேலையாக, போன வகுப்பில் தான் செய்த தப்பைச் சொன்னார். கண்டுபிடித்தது நான் என்றும் சொன்னார். கூனிக் குறுகிப்போனேன். சிரித்துக்கொண்டே சாக்பீஸை நீட்டினார். நானே கணக்கைப் போட்டேன். ஒருத்தன் குறுக்கே கேள்வி கேட்டான். பதில் சொல்லிவிட்டேன்.

மார்ச் 20
முதல்முறையாக நானாகக் கேள்வி கேட்டேன். எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் டீச்சர். வாத்தியார் வாயில் இப்படியும் வருமா? அவர்மேல் அப்படியொரு பாசம் பொங்கிவிட்டது.

ஏப்ரல் 29
பாஸ். பேசியதற்குப் பதினொன்று. அதில் இரண்டு தன்னுடையதாம் — தினமும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்காக என்கிறார் இவர்.

ஜூன் 9
வார்டில் மூன்றாவது நாள். பெரிய டாக்டர் ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார், பின்னால் ஆறு பேர். மருந்துச் சீட்டில் அவர் எழுதிய அளவு எனக்கு அதிகமாகப் பட்டது. அத்தனை பேர் முன்னாலும் கேட்டேவிட்டேன். நின்று, கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் எழுதியதுதான் சரி. நான்தான் நோயாளியின் எடையைத் தப்பாகப் படித்திருக்கிறேன். காதெல்லாம் சூடாகிவிட்டது.

அடுத்த படுக்கையில் எழுதி முடித்ததும் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"இதையும் ஒரு தடவை பாருங்க."