கூழாங்கல் மேட்டுச் சிவப்பு ஒயின்

1985 செப்டம்பர் 19, வியாழன்
கூழாங்கல் மேட்டுத் திராட்சை இன்று வந்து இறங்கியது. சின்னச் சின்னப் பழம், தடித்த தோல். வருஷா வருஷம் இதைப் பொதுத் தொட்டியில் கொட்டிக் கலந்துவிடுவார்கள். ஒயின் ஆலை முதலாளி ஹெரால்டிடம் நேராகவே சொன்னேன்: இந்தப் பழத்தைத் தனியாக ஒயின் ஆக்குவோம், லேபிளில் மேட்டின் பெயரையே போடுவோம். சிரித்தார். அடுத்த அறுவடைக்குள் தேறாவிட்டால் கலவைக்குத்தான் என்றார். தேறும். இந்த லிவர்மோர் ஒயின் ஊரில் என் மூக்கை மிஞ்ச ஒரு மூக்கு இருந்தால் காட்டட்டும்.

அக்டோபர் 19
பக்கத்து ஊர் பிளசன்டனில் காமாக்ஷி ஆன்ட்டி வீட்டுக் கொலு. தாம்பூலம் வாங்கக் கை நீட்டினால் விரலெல்லாம் கருஞ்சிவப்பு. போன வாரம் வரை தொட்டியில் மிதக்கும் தோலை அமுக்கிவிட்ட கை.
"என்னடி, பீட்ரூட் கறியா?"
"இல்ல ஆன்ட்டி, ஒயின். நான்தான் பண்றேன்."
கூடமே என் விரல்களைப் பார்த்தது. என் கணவர் வாஞ்சிநாதன் சுண்டலை விட்டுத் தலை நிமிரவில்லை. காரில் ஏறியதும், "ஃபுட் கெமிஸ்ட்னு சொன்னா போறாதா?" என்றார். போறாது!

1986 மார்ச் 11
பீப்பாயிலிருந்து எடுத்து ருசித்தேன். துப்பியும் விட்டேன் — இன்றுவரை ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. மணம் அபாரம்: நாவற்பழம், மிளகு. ஆனால் வாயில் வைத்தால் வாழைப்பூத் துவர்ப்பு, நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவை விடு, அது துவர்ப்பையும் சேர்த்துக்கொண்டு அடியில் படிந்துவிடும் என்கிறார் ஹெரால்ட். பழைய வழக்கமாம். மாட்டேன், நாள்பட்டால் தானே பதமாகும் என்று வாதாடினேன்.
நிஜமாகவே நாக்கு சொல்லித்தான் மறுத்தேனா? இல்லை, முட்டை தொடாத பிறந்த வீட்டு ஆசாரமா? ரெண்டும்தான், போ.

ஜூன் 5
இன்னும் துவர்ப்பு. ஒரே ஒரு பீப்பாயில் ஹெரால்டே முட்டையை விட்டுவிட்டார். பார்த்துடலாம் ஒரு கை.

ஆகஸ்ட் 16, சனி
எந்தக் கிளாஸில் எது என்று தெரியாமல் எல்லோரும் ருசித்தோம். மூன்றாவது கிளாஸ் — அதே நாவற்பழம், துவர்ப்பு மட்டும் தணிந்து, விழுங்காமலேயே தொண்டை வரை மணக்கிறது. "இதுதான்! என் பீப்பாய்!" என்று கத்தியே விட்டேன். கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை ஹெரால்ட் காட்டினார். முட்டை விட்டது.
ஐயோ, மானம் போச்சு. என் நாக்கே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் யாரிடம் போய் முறையிட?
மீதிப் பீப்பாய்கள் முட்டை விடாமல் இப்படியே இருந்தால் கலவைதான். "முடிவு உன்னுடையது" என்றார்.

ஆகஸ்ட் 18
நானே உடைத்தேன். வெள்ளை தனியே, மஞ்சள் தனியே. உப்புப் போட்டு லேசாக அடித்து ஒவ்வொரு பீப்பாயிலும் விட்டேன். முட்டை நாற்றம் கையோடு ஒட்டிக்கொண்டது. ஹெரால்ட் லேபிளுக்குச் சொல்லிவிட்டார்: கூழாங்கல் மேடு, 1985.
வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். வாஞ்சிநாதன் காத்திருந்தார்.
"என்னாச்சு?"
"தனி லேபிள்."
"முட்டை?"
"நான்தான் உடைச்சேன்."
தலை துவட்டத் துண்டை எடுத்து நீட்டினார். பிறகு, "ஃபர்ஸ்ட் பாட்டில்ல எனக்கு ஒரு வாய் குடு" என்றார்.