பார்க்கிற பக்கம் இடம் விடு

என் ஆசை அண்ணா,

உன் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அன்றைக்கு உன் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்குப் படம் கேட்டு, கொட்டாஞ்சேனை அச்சகத்துக்காரர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். "முகம் நடுவில வாற மாதிரித் தாங்கோ பிள்ளை" என்கிறார். நீ இருந்திருந்தால் அந்த மனுசனோடு சண்டைக்கே போயிருப்பாய்.

எங்கள் எல்லாரையும் படம் எடுத்தாய். உன்னை எடுக்க ஒருவரிடமாவது கமராவைத் தந்தாயா? பாழாய்ப்போன டெங்கு ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோன பிறகு தேடினால், இருப்பது ஒரே ஒரு படம்.

அது யுத்த காலம். அந்தப் படம் எடுத்த அன்றைக்குப் பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றோம். "எடியே, நடுவில நிக்காதை. படத்தை மூண்டாப் பிரி, ஒரு கோட்டில நில்லு. பாக்கிற பக்கம் இடம் விடு" என்று என்னை ஓரத்துக்குத் தள்ளினாய். மிச்சம் முழுக்கக் கடல் என்று நினைத்தாய். அதற்குள் மண்மூட்டை அடுக்கிய காவலரணும் விழுந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

காவலரணிலிருந்து ஓடிவந்த ஆமிக்காரன் ஒருவன் துவக்கை நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் நிற்க, கூட வந்த பொலிஸ்காரர் கமராவைப் பறித்துப் பார்த்தார். "தங்கச்சியை எடுத்தாயென்றால் தங்கச்சி ஏன் ஓரத்தில்? நடுவில் இருப்பது எங்கள் காவலரண்!" என்று சிங்களத்தில் உறுமினார். மூன்றில் ஒன்று என்று நீ தட்டுத்தடுமாறி விளக்க விளக்க, அவர் ஜீப்பைக் கூப்பிட்டார். அப்படி ஏறினவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், அண்ணா?

பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "மாத்தயா, மற்றப் படங்களையும் பாருங்கள்!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். பொத்தானை அமத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மா ஓரத்தில். பூனை ஓரத்தில். புட்டுக் கோப்பைகூட ஓரத்தில். கடவுளே, ஒன்றாவது நடுவில் இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மனுசன் சிரித்துவிட்டார். "இவனுக்குப் படமே எடுக்கத் தெரியாதே! நில்லடா, நான் காட்டுகிறேன்." காவலரண் படத்தை அழித்துவிட்டு, உன்னைக் கடலுக்கு முன்னால் நட்டநடுவில் நிறுத்தி ஒன்று எடுத்தார். உன் அந்த ஒரே படம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நீ அதை அழிக்கப் போனாய். "இருக்கட்டும், உன்னைப் பகிடி பண்ண உதவும்" என்று நான்தான் விடவில்லை.

நேற்று அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் நடுவில்தான். ஆனால் உன் கண் கமராவைப் பார்க்கவில்லை, படத்தின் இடது பக்கம் பார்க்கிறது. அங்கேதான், துவக்கோடு நின்ற ஆமிக்காரனுக்குப் பக்கத்தில், நான் நின்றேன்.

அச்சகத்துக்காரர் என்ன சொன்னாலும் சரி, படத்தின் வலது பக்கத்தை வெட்டி உன்னை நீ சொன்ன கோட்டில்தான் நிற்கவைப்பேன். நீ பார்க்கிற பக்கத்தில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன்.

அந்தப் பக்கத்தில் நிற்கும்
உன் தங்கச்சி